மலிவு டிக்கெட் யாருக்கு மலிவு?

வீட்டுக் கணக்கு



ஒரு காலத்தில் தோட்டத்திலிருந்து ஒருவர் ஆகாய விமானம் ஏறுகிறார் என்றால், வேன் பிடித்துக்கொண்டு பாதி லயமே வழியனுப்பப் போகும். இன்று அந்த ஆரவாரம் இல்லை. மகளுக்குக் கோத்தா கினபாலுவில் உள்ள சபா பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கிறது. மகனுக்குக் கூச்சிங் பக்கம் கோத்தா சமாரஹானில் உள்ள சரவாக் பல்கலைக்கழகத்தில் கிடைக்கிறது. கடல் தாண்டித்தான் போக வேண்டும். பஸ்ஸும் ரயிலும் அங்கே போகா. ஆகவே செம்பனைக் குலை வெட்டுகிறவர் வீட்டிலும் இன்று விமான டிக்கெட் ஒரு கட்டாயச் செலவாகி விட்டது.

அப்போது தாய்மார்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: "ஏர்ஏசியாவில் போடுவதா, மாஸில் போடுவதா?"

இந்த மாதம் அதையே பார்ப்போம். விடையை முன்கூட்டியே சொல்லி விடுகிறேன். கம்பெனியின் பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். யார் போகிறார்கள், எவ்வளவு சுமையோடு போகிறார்கள், தேதி உறுதியா இல்லையா என்பதைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். மலிவு டிக்கெட் எல்லோருக்கும் மலிவு அல்ல.

ஏன் மலிவாகக் கொடுக்கிறார்கள்?

2001-ஆம் ஆண்டில் தோனி ஃபெர்னாண்டசும் அவருடைய கூட்டாளிகளும் கடனில் கிடந்த ஏர்ஏசியாவை, அந்தக் கடனோடு சேர்த்து, ஒரே ஒரு வெள்ளிக்கு வாங்கினார்கள். இனி எல்லோரும் பறக்கலாம் என்று விளம்பரம் செய்தார்கள். அது எப்படி முடிந்தது? பெரும்பாலும் ஒரே ரக விமானங்களை வைத்துக்கொண்டார்கள். அதனால் பழுது பார்ப்பதும் உதிரிப் பாகம் வாங்குவதும் சிக்கனம். விமானம் இறங்கியதும் அதைத் தரையில் சும்மா நிறுத்தாமல், அரை மணி நேரத்திற்குள் அடுத்த பிரயாணத்திற்கு அனுப்பி விடுகிறார்கள். எல்லாவற்றையும்விட முக்கியமானது, டிக்கெட்டையும் மற்ற வசதிகளையும் பிரித்து விட்டார்கள். நீங்கள் வாங்குவது ஓர் இருக்கை மட்டுமே. பெட்டிக்குத் தனிக் காசு, சாப்பாட்டுக்குத் தனிக் காசு, சன்னலோர இருக்கைக்குத் தனிக் காசு.

மலேசியா ஏர்லைன்ஸ் போன்ற முழுச் சேவை விமானத்தில் பெட்டி, சிற்றுண்டி எல்லாம் டிக்கெட்டிலேயே சேர்ந்து வருவது வழக்கம். ஆனால் இன்று அங்கேயும் ஒரே விமானத்தில் பல விலைகளில் டிக்கெட் விற்கிறார்கள். மிகக் குறைந்த விலை டிக்கெட்டில் பெட்டி உண்டா, தேதி மாற்றலாமா என்று படித்துப் பார்த்தே வாங்க வேண்டும். "மாஸ் தானே, எல்லாம் இருக்கும்" என்று நம்பிப் போகக் கூடாது.

"மலிவு விமானம் பத்திரமா?" என்று பயப்படும் பெற்றோரும் உண்டு. அந்தப் பயம் வேண்டாம். நம் நாட்டு விமானக் கம்பெனிகள் அனைத்தையும் கண்காணிப்பது மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம். விமானியின் உரிமத்திற்கும் விமானத்தின் பராமரிப்புக்கும் மலிவுக்கு ஒன்று, விலைக்கு ஒன்று என்று இரண்டு சட்டம் கிடையாது.

ஒரு தாளில் போடுங்கள் கணக்கை

விமானக் கட்டணம் நாளுக்கு நாள் மாறும். கணக்கு புரிவதற்காக மட்டும் ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். இவை உண்மை விலைகள் அல்ல.

மகள் முதன்முறையாகக் கோத்தா கினபாலுவுக்குப் போகிறாள். அப்பா கூடப் போய், விட்டு வருகிறார். மலிவு டிக்கெட் ஒரு வழிக்கு 190 வெள்ளி. முழுச் சேவையில் பெட்டியும் சிற்றுண்டியும் சேர்த்து 330 வெள்ளி.

மகளின் கணக்கு: மலிவில் 190 வெள்ளி; 25 கிலோ பெட்டிக்கு 110; சாப்பாட்டுக்கு 16. ஆக 316 வெள்ளி. முழுச் சேவைக்கும் இதற்கும் வித்தியாசம் வெறும் 14 வெள்ளி.

அப்பாவின் கணக்கு: அவருக்குக் கைப்பை போதும். போகவும் வரவும் மலிவில் 380 வெள்ளி. முழுச் சேவையில் 660. வித்தியாசம் 280 வெள்ளி.

பார்த்தீர்களா? ஒரே குடும்பம், ஒரே ஊர், ஆனால் ஆளுக்கு ஒரு விடை. நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 2025-இல் மாதம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. அதை 26 நாள் வேலைக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு 65 வெள்ளி சொச்சம். அப்பாவின் டிக்கெட்டில் மிச்சமாகும் 280 வெள்ளி நான்கு நாள் உழைப்புக்கும் மேல். ஆகவே டிக்கெட் விலையை வெள்ளியில் மட்டும் பார்க்காதீர்கள். வேலை நாளில் பாருங்கள்.

இங்கே இன்னொரு சிக்கனமும் உண்டு. மலிவு விமானத்தில் ஒவ்வொருவரும் 7 கிலோ வரை கைச்சுமை இலவசமாகக் கொண்டு போகலாம். அப்பாவுக்கு ஒரு சட்டை, ஒரு வேட்டி போதும். மிச்சமிருக்கும் இடத்தில் மகளின் துணிமணிகளை வைத்தால், அவளுக்கு வாங்கும் பெட்டி எடையைக் குறைக்கலாம்.

போவதும் வருவதும் ஒரே கம்பெனியில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. சுமையோடு போகும்போது ஒன்று, வெறுங்கையோடு திரும்பும்போது ஒன்று என்று எடுக்கலாம்.

காசு எங்கே ஒழுகுகிறது?

மலிவு டிக்கெட் எடுத்தவர்கள் காசை இழப்பது டிக்கெட் வாங்கும்போது அல்ல; அதற்குப் பிறகுதான்.

முதலாவது, பெட்டி. பெட்டிக்கான எடையை டிக்கெட்டோடு சேர்த்து முன்பே வாங்கினால் ஒரு விலை. விமான நிலையத்து முகப்பில் போய் வாங்கினால் அதைவிட மிக அதிகம். வீட்டிலேயே தராசு வைத்து நிறுத்துப் பாருங்கள். தராசு இல்லாவிட்டால் தோட்டத்துக் கடையில் நிறுத்துக்கொள்ளலாம். அரிசி மூட்டையும் மிளகாய்த் தூளும் முறுக்கு டின்னும் கட்டிக் கொடுக்கத் தாய் மனம் துடிக்கும். அரிசி அங்கேயும் விற்கிறார்கள். நீங்கள் இடித்த மிளகாய்த் தூளைக் கொடுத்தனுப்புங்கள்; அரிசியை அங்கே வாங்கிக்கொள்ளட்டும்.

பெட்டியில் கற்பூரமும் தீப்பெட்டியும் வைக்காதீர்கள். சாமி படத்தோடு சேர்த்துக் கட்டிவிடுவது நம் வழக்கம். ஆனால் அவை தீப்பற்றும் பொருள்கள். கைப்பேசிக்கு மின்னேற்றும் பவர் பேங்கைப் பெட்டியில் போடாமல் கைப்பையில் வைக்க வேண்டும்.

இரண்டாவது, பெயர். நம் பிள்ளைகளின் அடையாள அட்டையில் பெயர் ஒரு மாதிரி இருக்கும், வீட்டில் எழுதுவது வேறு மாதிரி இருக்கும். பிறப்புப் பதிவு செய்தவர் எழுதிய எழுத்தே சட்டப்படியான பெயர். டிக்கெட்டில் எழுத்துக்கு எழுத்து அதுவே இருக்க வேண்டும். ஏ/எல், ஏ/பி என்பதில் வரும் சாய்கோட்டைப் பல படிவங்கள் ஏற்பதில்லை. அதற்காகக் கலங்க வேண்டாம். சொந்தப் பெயரும் தகப்பனார் பெயரும் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். பக்கத்து வீட்டுப் பையனோ முகவரோ டிக்கெட் போட்டுக் கொடுத்தால், காசு கட்டுவதற்கு முன் மைகார்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நீங்களே ஒருமுறை சரிபாருங்கள். பெயர் திருத்தம் செலவு வைக்கும்.

மூன்றாவது, முனையம். சிப்பாங்கில் உள்ள கேஎல்ஐஏவில் ஏர்ஏசியா இரண்டாம் முனையத்திலிருந்து புறப்படுகிறது. மலேசியா ஏர்லைன்ஸ் முதல் முனையத்திலிருந்து புறப்படுகிறது. தப்பான முனையத்தில் இறங்கிவிட்டால், பெட்டிகளோடு ரயிலோ பஸ்ஸோ பிடித்து மாற வேண்டும். பெட்டி போடும் முகப்பைப் பொதுவாகப் புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே மூடி விடுவார்கள். மூடியபின் கெஞ்சிப் பயனில்லை. டிக்கெட் போனது போனதுதான். வெகு தூரத்திலிருந்து வருகிறவர்கள் 3 மணி நேரம் முன்பே வந்துவிடுவது நல்லது.

எல்லோரும் சிப்பாங்கிற்குத்தான் வர வேண்டும் என்பதும் இல்லை. கூலிம், சுங்கைப்பட்டாணிப் பக்கத்துக் குடும்பங்கள் பினாங்கிலிருந்தும், ஜொகூர் குடும்பங்கள் செனாயிலிருந்தும் கூச்சிங்கிற்கும் கோத்தா கினபாலுவுக்கும் நேரே போகும் விமானம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். டிக்கெட் 30 வெள்ளி கூடுதலாக இருந்தாலும், பஸ் காசும் வழிச் சாப்பாடும் மிச்சமாகும்.

நான்காவது, இறங்கி ஏறும் பிரயாணம். சிபு, தாவாவ் போன்ற ஊர்களுக்கு வேறோர் ஊரில் விமானம் மாற நேர்ந்தால், இரண்டு தனித்தனி டிக்கெட் எடுக்காதீர்கள். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது உங்களுக்காகக் காத்திராது. அந்தக் காசும் திரும்பாது. கடைசி ஊர் வரைக்கும் ஒரே டிக்கெட்டாக எடுத்தால், உங்களைக் கொண்டு சேர்ப்பது கம்பெனியின் பொறுப்பு. இப்படிப்பட்ட பிரயாணத்திற்கு முழுச் சேவை பெரும்பாலும் கூடுதல் காசுக்குத் தகுந்தது.

தேதி தெரியாமல் டிக்கெட் வேண்டாம்

"போகும்போதே திரும்பி வரும் டிக்கெட்டும் போட்டுவிட்டால் மலிவு" என்று சிலர் சொல்வார்கள். திரும்பும் நாள் தெரிந்த அப்பாவுக்கு அது சரி. மகளுக்குச் சரியல்ல. பரீட்சை எந்த நாளில் முடியும் என்று தெரியாமல் எடுத்த மலிவு டிக்கெட்டை மாற்றப் போனால், மாற்றுக் கட்டணமும் விலை வித்தியாசமும் சேர்ந்து புது டிக்கெட் விலையே வந்துவிடும். பரீட்சை அட்டவணை கையில் வந்த அன்றே எடுங்கள். அதற்குப் பிறகு ஒரு வாரமும் தள்ளிப் போடாதீர்கள். இருக்கைகள் நிறைய நிறைய விலை ஏறும்.

தீபாவளிக்கு இன்னொரு விஷயம் உண்டு. மலேசியாவில் தீபாவளிக்குப் பொது விடுமுறை இல்லாத மாநிலம் சரவாக் ஒன்றே. அங்கே படிக்கும் பிள்ளை வீடு வர வேண்டுமானால், வகுப்பு விடுப்புக்கு முன்பே எழுதிக் கேட்க வேண்டும். முதலில் விடுப்பு, பிறகு டிக்கெட். தீபாவளிக்குக் கைப்பையோடு வந்து போகும் பிள்ளைக்கு மலிவு விமானமே பொருத்தம்.

மாணவர்களுக்குச் சில சலுகைகளும் உண்டு. பொது உயர்கல்விக்கூட மாணவர்கள் கடல் தாண்டி வீடு வந்து போவதற்காக, ஃபிளைசிஸ்வா என்ற பெயரில் 300 வெள்ளிப் பற்றுச்சீட்டை 2023-இல் அரசாங்கம் தொடங்கியது. இந்த ஆண்டுக்கான விதியை மாணவர் விவகாரப் பிரிவில் கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொல்லுங்கள். மலேசியா ஏர்லைன்சிலும் மாணவர்களுக்கெனக் கட்டணக் கழிவும் கூடுதல் பெட்டி எடையும் தரும் எம்எச் எக்ஸ்புளோரர் என்ற திட்டம் உண்டு. அது கிடைத்தால் மேலே போட்ட கணக்கே மாறிவிடும்.

உங்கள் உரிமை குறையாது

மலிவு டிக்கெட் எடுத்தவர் வாயைத் திறக்கக் கூடாது என்று ஓர் எண்ணம் நம்மிடம் இருக்கிறது. அது தவறு. 2016-இல் வந்த விமானப் பயனீட்டாளர் பாதுகாப்பு விதிகள் எல்லாக் கம்பெனிக்கும் பொது. விமானம் 2 மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானால் உணவு தர வேண்டும். 5 மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானால், "எனக்குப் பிரயாணம் வேண்டாம், பணத்தைக் கொடுங்கள்" என்று கேட்கும் உரிமையும் 2024 செப்டம்பரிலிருந்து உண்டு. அந்தப் பணத்தை 30 நாளுக்குள், நீங்கள் கட்டிய வழியிலேயே திருப்பித் தர வேண்டும். பற்றுச்சீட்டு கொடுத்துச் சமாளித்தால் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை.

நீங்களே போக முடியாமல் டிக்கெட் வீணானாலும், அதில் கட்டிய விமான நிலையக் கட்டணத்தைத் திருப்பிக் கேட்கலாம். சிறு தொகைதான், ஆனால் உங்கள் தொகை.

பெட்டி உடைந்தாலோ வராமல் போனாலோ, விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே முகப்பில் புகார் எழுதிக் கொடுத்து நகல் வாங்குங்கள். புகாரை முதலில் கம்பெனிக்கு அனுப்புங்கள். 30 நாளில் முடிவு வராவிட்டால் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்திடம் கொண்டு போகலாம். முன்பு இதைக் கவனித்து வந்த மாவ்கோம் 2025 ஆகஸ்டில் அந்த ஆணையத்தோடு இணைக்கப்பட்டு விட்டது.

முடிவாகச் சில வார்த்தைகள். கைப்பை மட்டும், தேதி உறுதி, நேரான பிரயாணம் என்றால் மலிவு விமானம். பெரிய பெட்டிகள், மாறக்கூடிய தேதி, வழியில் விமானம் மாறும் பிரயாணம் என்றால் முழுச் சேவையையும் விசாரித்து, இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். நடக்க முடியாத பாட்டி வருகிறார் என்றால், எந்த விமானமானாலும் சக்கர நாற்காலி வேண்டுமென்று டிக்கெட் எடுக்கும்போதே சொல்லி வையுங்கள்.

மைகார்டு எடுத்துக்கொள்ள மறக்க வேண்டாம். சபாவிலும் சரவாக்கிலும் இறங்கியதும் குடிநுழைவு முகப்பில் தீபகற்ப மக்களும் அதைக் காட்ட வேண்டும். விட்டு வரப் போகும் பெற்றோருக்கு அதுவே போதும்; அங்கே தங்கிப் படிக்கும் பிள்ளைக்கு மாணவர் அனுமதி வேண்டும். அதற்கான வழியைப் பல்கலைக்கழகமே சொல்லும்.

பிள்ளைகள் பத்திரமாகப் போய், நன்றாகப் படித்து வரட்டும். அடுத்த மாதம் வேறொரு கணக்கோடு சந்திப்போம்.