ஹில்டுர்: 'முதல் பெண்' என்ற தொடர் மறைப்பவை

2020 பிப்ரவரி 9 அன்று, 'ஜோக்கர்' திரைப்படத்தின் இசைக்காக, ஐஸ்லாந்தைச் சேர்ந்த செல்லோ கலைஞரும் இசையமைப்பாளருமான ஹில்டுர் குத்னாடோட்டிர் ஆஸ்கர் விருது பெற்றார். அதன் பிறகு அவரைப் பற்றி எழுதப்படும் அறிமுகங்கள் பலவும் 'இவ்விருதை வென்ற முதல் பெண்' என்ற தொடரிலிருந்தே தொடங்குகின்றன. அத்தொடர் முழுமையாகச் சரியன்று. 1997இல் 'எம்மா' படத்திற்காக ரேச்சல் போர்ட்மனும், 1998இல் 'த ஃபுல் மான்ட்டி' படத்திற்காக ஆன் டட்லியும் இசைக்கான ஆஸ்கரைப் பெற்றிருக்கின்றனர். அவ்வாண்டுகளில் அவ்விருது நாடகப் படங்களுக்கு ஒன்று, இசை அல்லது நகைச்சுவைப் படங்களுக்கு ஒன்று என இரண்டாகப் பிரிந்திருந்தது. இவ்விருவரும் பெற்றது பின்னதை. பிரிவுகள் மீண்டும் ஒன்றான பின் வென்ற முதல் பெண் ஹில்டுர் என்பதே துல்லியமான கூற்று.

இது அடிக்குறிப்பில் முடித்துவிடக்கூடிய திருத்தமாகத் தோன்றலாம். ஆனால், ஒருவரை 'முதல்வர்' ஆக்குவதற்கு அவருக்கு முன்னிருந்தவர்களையும் உடனிருந்தவர்களையும் அழிக்க வேண்டியிருக்கிறது என்பது கவனத்திற்குரியது. ஹில்டுரின் கலைவாழ்க்கையோ உடனிருப்பதிலேயே உருவானது. பிறருக்குச் செவிகொடுத்து வாசிக்கும் துணையிசையும் ஒருவகைப் படைப்பே என்பதற்கு அவரது இருபதாண்டு உழைப்பு சான்று. விருதுக் கதை அச்சான்றைத்தான் முதலில் மறைக்கிறது.

பெயரிலிருந்தே தொடங்கலாம். 'குத்னாடோட்டிர்' என்பது குடும்பப் பெயர் அன்று. தந்தையின் பெயர் குத்னி. அது ஆறாம் வேற்றுமையில் 'குத்னா' எனத் திரிந்து, மகள் என்னும் பொருளுடைய 'டோட்டிர்' என்ற சொல்லுடன் சேர்கிறது. 'குத்னியின் மகள்' என்பதே அதன் பொருள். ஐஸ்லாந்தில் தொலைபேசி அகராதிகூட இயற்பெயர் வரிசையிலேயே அமைந்தது. எனவே ஆங்கில நாளிதழ்கள் மரியாதை கருதி அவரை 'குத்னாடோட்டிர்' என்று மட்டும் சுட்டும்போது, உண்மையில் அவரைச் சுட்டவில்லை. அவர் யாருடைய மகள் என்பதை மட்டுமே சொல்கின்றன. தலைப்பெழுத்தாகத் தந்தை பெயரைச் சுமக்கும் தமிழருக்கு இந்த வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை.

1982இல் ரெய்க்யவிக்கில் பிறந்த ஹில்டுருக்கு இசை வீட்டிலேயே இருந்தது. தந்தை குத்னி ஃபிரான்சன் கிளாரினெட் கலைஞர், இசையமைப்பாளர்; தாய் ஓபரா பாடகர். ஐந்து வயதில் செல்லோ கையில் வந்தது. ஐஸ்லாந்திலும் பின்னர் பெர்லின் கலைப் பல்கலைக்கழகத்திலும் முறையாகப் பயின்றார். ஆயினும் செவ்வியல் செல்லோ கலைஞருக்கு விதிக்கப்பட்ட தனிக்கச்சேரிப் பாதையில் அவர் செல்லவில்லை. 'மூம்' போன்ற ஐஸ்லாந்துக் குழுக்களுடனும், 'பான் சோனிக்', 'த்ராபிங் கிரிஸ்ஸில்' போன்ற மின்னணு, இரைச்சலிசைக் குழுக்களுடனும் வாசித்தார். அங்கே செல்லோவின் வேலை மேலெழுந்து ஒலிப்பதன்று. பிற ஒலிகளுக்கு அடியில் ஒரு தளமாக நிற்பது.

இதற்கு விடையிறுப்பதுபோல் 2006இல் வந்த அவரது முதல் தனித்தொகுப்பு, இயன்றவரை பிறரைச் சேர்க்காமல், கருவிகளைத் தாமே வாசித்து உருவாக்கிய ஒன்று. 2012இல் வந்த 'லேவ்து லியோசினு' யார்க் பல்கலைக்கழகத்தின் இசை ஆய்வு மையத்தில் நேரடியாக வாசித்துப் பதிவு செய்யப்பட்டது. பின்னர் திருத்தமோ ஒட்டுவேலையோ செய்யப்படவில்லை. 'ஒளியை அனுமதி' என்பது தலைப்பின் பொருள். 2014இல் வந்த தொகுப்பின் பெயர் 'சமன்'. தமிழ்ச் சொல்லைப் போல ஒலித்தாலும் ஐஸ்லாந்து மொழியில் 'சேர்ந்து' என்று பொருள். அதில் குரலும் செல்லோவும் எங்கே பிரிகின்றன என்று செவி தடுமாறுகிறது. தனித்திருக்கும் முயற்சியில் தொடங்கியவர் எட்டாண்டுகளில் 'சேர்ந்து' என்ற சொல்லுக்கு வந்து சேர்ந்தார்.

இதே காலத்தில் யோகான் யோகான்சன் இசையமைத்த 'சிக்காரியோ', 'அரைவல்' ஆகிய படங்களில் ஒலிக்கும் செல்லோ ஹில்டுருடையது. மொழியியலாளர் ஒருவரைக் கதைத்தலைவியாகக் கொண்டது என்பதால் 'அரைவல்' படத்தைப் பாடமாகவே பார்க்கும் மொழியியல் மாணவர்கள் உண்டு. அப்படத்தின் இசையைப் பேசும்போது அவர்கள் யோகான்சன் பெயரைச் சொல்வார்கள். வில்லைப் பிடித்த கையின் பெயரைச் சொல்வோர் குறைவு. 2018இல் 'மேரி மக்தலீன்' படத்தில்தான் இருவர் பெயரும் இசையமைப்பாளர்களாக இணைந்து வந்தன. அவ்வாண்டு பிப்ரவரி 9 அன்று யோகான்சன் பெர்லினில் காலமானார். ஹில்டுர் ஆஸ்கர் மேடையேறியது சரியாக ஈராண்டு கழித்து, அதே தேதியில்.

'செர்னோபில்' (2019) தொடருக்காக அவர் செய்தது களஆய்வு என்றே சொல்லத்தக்கது. படப்பிடிப்பு நடந்த, செயல்பாடு நிறுத்தப்பட்ட லித்துவேனியாவின் இக்னாலினா அணுமின் நிலையத்திற்குள் பாதுகாப்பு உடையுடன் சென்றார். உடன் சென்றவர்களில் களஒலிப்பதிவில் நீண்ட அனுபவமுள்ள கிறிஸ் வாட்சன் ஒருவர். இசைத் தயாரிப்பாளர் சாம் ஸ்லேட்டர். பொருள்களைத் தட்டி ஓசை எழுப்புவதைவிட அங்கே ஏற்கெனவே இருப்பதைக் கேட்பதே நோக்கம். கதவுகளின் முனகல், இயந்திர அறைகளின் இரைச்சல் ஆகியவற்றுடன், ஒவ்வொரு கூடமும் ஒலியை எவ்வாறு தாங்கி மெல்ல மங்கவிடுகிறது என்பதையும் பதிவு செய்தனர். அப்பதிவு இருந்தால், வேறிடத்தில் பாடிய குரலையும் அக்கூடத்திற்குள் பாடியதுபோல் ஒலிக்கச் செய்யலாம். வழக்கமான இசைக்கருவிகளை ஒதுக்கிவிட்டு, அந்த ஓசைகளாலும் மனிதக் குரலாலுமே இசை அமைந்தது. கதிர்வீச்சு கண்ணுக்குப் புலப்படாதது. அது குடியிருக்கும் கட்டடத்தையே பேசவைப்பதன்றி அதற்கு ஒலி தருவதற்கு நேர்மையான வழி வேறில்லை. ஒரு செல்லோ கலைஞர் தம் செல்லோவைக் கீழே வைத்தது அதற்காகத்தான்.

'ஜோக்கர்' இதற்கு நேர்மாறான வரிசையில் உருவானது. படமெடுத்த பின் இசை சேர்ப்பதே வழக்கம். இங்கே திரைக்கதையைப் படித்துவிட்டு, படப்பிடிப்புக்கு முன்பே ஹில்டுர் இசையை எழுதினார். இயக்குநர் டாட் ஃபிலிப்ஸ் அதைப் படப்பிடிப்புத் தளத்தில் ஒலிக்கவிட்டார். அதைக் கேட்டு வாக்கின் ஃபீனிக்ஸ் ஆடியதே புகழ்பெற்ற அந்தக் குளியலறை நடனம். திரைக்கதையில் அந்நடனம் இல்லை. துணையிசை என்று பெயர் பெற்றது காட்சிக்கு முன்னே சென்று காட்சியைப் படைத்தது. அப்படத்தில் அவர் வாசித்த கருவிகளுள் ஒன்று ஹால்டோரோஃபோன். ஹால்டோர் உல்ஃபார்சன் வடிவமைத்தது. செல்லோ போன்ற அதன் தந்திகளின் அதிர்வு ஒலிபெருக்கி வழியாகத் தந்திகளுக்கே திரும்புவதால், வாசிப்பவர் சொல்வதை மட்டும் அது செய்யாது. அதனோடு மல்லுக்கட்டுவதைவிட அதைக் கேட்டு வாசிப்பதே பயன் தரும்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். 'கூட்டுழைப்பு' என்ற சொல்தான் பெண்களின் படைப்பை நெடுங்காலம் மறைத்துவந்தது. இறுதியில் ஒரு பெண்ணின் பெயர் தனியே ஒலிக்கும்போது அதைக் கூட்டத்தில் கரைப்பது மீண்டும் அதே அநீதி ஆகாதா? ஆகும், கரைத்தால். ஹில்டுரின் பெயரைக் குறைக்க வேண்டும் என்பதன்று இங்கு வாதம். 2020இல் அவருக்குக் கிடைத்த பெயர், 2016இல் அவர் மற்றொருவரின் படத்தில் வில்லைப் பிடித்தபோதும் கிடைத்திருக்க வேண்டும் என்பதே. கூட்டுழைப்பைப் போற்றிவிட்டு ஒருவர் பெயரை மட்டும் அச்சிடுவதுதான் பெண்களை மறைத்தது. அனைவர் பெயரையும் அச்சிட்டதால் எவரும் மறைந்ததில்லை.

ஆய்வுலகம் இதைத் திரைத்துறையின் சிக்கலாக ஒதுக்கிவிட முடியாது. மொழியியல் களஆய்வில் ஒரு மொழியின் இலக்கணம் முழுவதையும் வாக்கியம் வாக்கியமாகச் சொல்லித்தரும் மூதாட்டிக்கு ஆய்வேட்டில் கிடைக்கும் இடம் 'தகவலாளர்' என்ற சொல்லும் நன்றியுரையில் ஒரு வரியும். ஒலிப்பதிவு செய்தவர், எழுத்துப்பெயர்த்தவர், மொழிபெயர்த்துத் தந்தவர் ஆகியோர் அந்த வரியிலும் இடம்பெறுவது அரிது. கேட்பது எளிய வேலை, எழுதுவதே அறிவு என்ற பகுப்பின் மேல்தான் இவ்வழக்கம் நிற்கிறது. இக்னாலினாவின் கதவுகள் அப்பகுப்பைப் பொய்யாக்குகின்றன. அங்கே எதைக் கேட்பது என்று முடிவு செய்ததே பாதி இசை. எந்த வாக்கியத்தைச் சொல்லித்தருவது என்று அம்மூதாட்டி முடிவு செய்வதும் பாதி இலக்கணம்தான். அவர் பெயரும் அட்டையில் இருக்க வேண்டும்.