இரண்டாவது கையெழுத்து

பேர்ல் பக் 1956-ல் எழுதிய 'இம்பீரியல் உமன்' நாவலைக் காலேஜ் நாளில் ராத்திரி முழுக்க முழித்துப் படித்தேன். சீன மகாராணி ட்ஸு ஷியின் கதை. அதில் ஜுங் லூ என்ற காவல் அதிகாரிக்கும் அவளுக்கும் காதல். அந்தப் பக்கங்களை மட்டும் இரண்டு தரம் படித்தேன். ஜுங் லூ நிஜ ஆசாமிதான். காதல்தான் கதை.

சரித்திரத்தில் நடந்தது, பி.காம். படித்தவனுக்கு இன்னும் ருசி.

1861 ஆகஸ்டில் சக்கரவர்த்தி ஷியான்ஃபெங் காலமானார். வாரிசுக்கு வயசு ஐந்து. நிர்வாகத்துக்கு எட்டு ஆண்கள் கொண்ட கமிட்டி. பட்டத்து ராணி ட்ஸு ஆனிடம் ஒரு முத்திரை. பையனின் முத்திரை அவன் அம்மா ட்ஸு ஷியிடம். ஆணையைக் கமிட்டி எழுதலாம். இரண்டு முத்திரையும் விழுந்தால்தான் செல்லும். நம்ம பாஷையில், இரண்டு கையெழுத்து செக்!

'ராணிகளே ஆட்சியைக் கவனிக்கட்டுமே' என்று ஓர் அதிகாரி மனு போட்டார். கமிட்டி கொதித்துப்போய் அவரைக் கண்டித்து ஆணை எழுதியது. ராணிகள் முத்திரை வைக்க மறுத்தார்கள். எட்டு பேரும் என்ன செய்தார்கள் தெரியுமோ? ஸ்டிரைக்! வேலையே பார்க்க மாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். கடைசியில் ராணிகள் பணிந்து முத்திரை வைத்தார்கள். கமிட்டிக்கு ஏக குஷி.

நவம்பரில், சவ ஊர்வலத்தை முந்திக்கொண்டு ராணிகள் பையனோடு பீகிங் வந்து சேர்ந்தார்கள். கொழுந்தன் இளவரசர் குங் அங்கே தயாராக இருந்தார். மறுநாளே கைது ஆணை. கமிட்டியின் பெரிய புள்ளி சூ ஷுன் சவப்பெட்டியோடு மெதுவாக வந்துகொண்டிருந்தார். வழியிலேயே பிடித்தார்கள். ஒரு வாரத்தில் தலை போயிற்று. ட்ஸு ஷிக்கு அப்போது வயசு 25. திரைக்குப் பின்னால் உட்கார்ந்தவள், நடுவில் பேருக்கு ஓய்வு எடுத்தாலும், 1908-ல் சாகும்வரை பிடியை விடவில்லை.

உத்தமி என்று சொல்ல வரவில்லை. 1898-ல் சீர்திருத்தம் பேசிய சக்கரவர்த்தியை, சொந்தத் தங்கை மகனை, காவலில் வைத்தவள். ஆனால் எந்தக் காகிதம் எப்போது செல்லும் என்பது அவளுக்கு அத்துப்படி. நானோ அவளுக்குப் பின்னால் ஒரு ஜுங் லூவைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அந்தப் புத்தி போய்விட்டதா? போன மாசம் ஓர் ஆபீஸில் ஓர் அம்மாவுக்கு புரமோஷன். கேன்டீனில், "யார் சிபாரிசுப்பா?" என்று ஆரம்பித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

நேற்று எனக்கு வரவேண்டிய செக்கைக் கேட்கப் போனேன். "ஒரு கையெழுத்து ஆச்சு சார். இன்னொண்ணு அந்த மேடம் போடணும்" என்றார்கள்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன்.