வாயிற்காவலோடு நின்றுவிடலாமா?

மகா சிவராத்திரி இரவில் திருக்கேதீஸ்வரம் சென்று வந்தவர்கள் அக்காட்சியை எளிதில் மறக்கமாட்டார்கள். நாட்டின் பல பாகங்களிலிருந்தும் வந்து சேரும் அடியார்கள் பாலாவித் தீர்த்தத்தில் நீர் முகந்து, குடத்தைச் சுமந்து நடந்து, மகாலிங்கப் பெருமானுக்குத் தங்கள் கையாலேயே அபிஷேகம் செய்கின்றனர். குழந்தையைத் தோளிற் சுமந்த தந்தையும் தடியூன்றிய மூதாட்டியும் அத்திரளில் இருக்கின்றனர். இரவு நேரம்; குளக்கரை; நீர் சிந்தி ஈரமான பாதை; ஒரே திசையை நோக்கி நகரும் பெருங்கூட்டம். இத்தனை பேரும் காலையில் நலமாக வீடு திரும்புவதற்கு இறைவன் திருவருளே காரணம் என்போம். அத்திருவருளோடு, முன்கூட்டியே சிந்தித்துச் செயற்பட்ட மனிதர் சிலரின் உழைப்பும் காரணம் என்பதை ஒப்புக்கொள்வதில் தவறில்லை.

அந்தச் சிந்தனை இன்று உலகில் ஒரு தனித்தொழிலாக வளர்ந்திருக்கிறது. ஆலயமோ, வைத்தியசாலையோ, வங்கியோ, நெற்களஞ்சியமோ, எதுவாயினும் அதனை நேரிற் பார்த்து, எங்கே ஆபத்து நேரும், எதனால் நேரும், எவ்வாறு தடுக்கலாம் என்று ஆராய்ந்து திட்டம் எழுதிக் கொடுப்பவர் பாதுகாப்பு ஆலோசகர் எனப்படுகிறார். வைத்தியரைப் போலவும் வழக்கறிஞரைப் போலவும் அறிவுக்கு ஊதியம் பெறுபவர் அவர். ஆயின் இத்தொழிலில் நம் இளைஞர் எங்கே நிற்கின்றனர்? வங்கி வாயிலிலும் வைத்தியசாலைப் படலையிலும், சீருடை அணிந்து, பன்னிரண்டு மணி நேரம் கால்கடுக்க நிற்கின்றனர். லண்டன் மாநகரிலும் கடைவாயில்களில் நம்மவர் நிற்கின்றனர். அந்த உழைப்பு இழிவானதன்று. எனினும் வாயிலோடு நம் பயணம் முடிந்துவிடலாமா என்பதே கேள்வி.

'பாதுகாப்பு' என்ற சொல்லைக் கேட்டதும் தமிழன் முகம் சுளிப்பதற்கு நியாயம் உண்டு. 'உயர் பாதுகாப்பு வலயம்' என்ற பெயராலேயே வலிகாமத்தில் எத்தனையோ குடும்பங்கள் தங்கள் வீடுவாசலையும் தோட்டந்துரவையும் இழந்தன. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்டு, நாவலர் பெருமானின் நினைவூட்டலாலும் 1948இல் அமைந்த திருப்பணிச் சபையின் அயரா உழைப்பாலும் மீண்டெழுந்த திருக்கேதீஸ்வரமும், 1990 தொடக்கம் இராணுவத்தின் பிடியில் இருந்த ஆண்டுகளில் பூசை தடைப்பட்டுக் கிடந்தது. இவ்வாறு, காப்பதாகச் சொல்லி வந்தவர்களாலேயே காக்கப்படவேண்டியவை பறிபோயின. ஆதலால் பாதுகாப்பை வெறுத்து ஒதுக்குவதா, நாமே கற்றுக்கொள்வதா? நம் உடைமையைக் காக்கும் அறிவு நம்மிடம் இல்லாவிடின், அதனை இன்னொருவன் செய்வான்; செய்பவன் திறப்பையும் தன் மடியிலேயே வைத்துக்கொள்வான்.

இக்கலை நமக்குப் புதியதும் அன்று. கட்டுக்கரைக்குளத்து நீரை நம்பி வயல் விதைக்கும் கமக்காரரைக் கேளுங்கள். கட்டாக்காலி மாடு எந்தக் கடப்பால் நுழையும் என்பது அவருக்குத் தெரியும். பரணை எங்கே கட்டினால் இரண்டு பாதைகளையும் ஒருங்கே பார்க்கலாம் என்பது தெரியும். வேலியில் ஒரு கதியால் உக்கிப்போனால், மற்ற நூறு கதியால்கள் நின்றும் பயனில்லை என்பது தெரியும். வன்னியில் யானைக்காக மின்வேலி போட்ட ஊர்களும் இதே பாடத்தைக் கற்றிருக்கின்றன. வேலி போட்ட நாளில் யானை அஞ்சுகிறது. பராமரிப்பார் இல்லாத வேலியில் மின்சாரம் இல்லை என்பதைக் கண்டுகொண்ட பின் அது தூணைச் சாய்த்துவிட்டு உள்ளே வருகிறது. ஆலோசகன் கற்கும் முதற்பாடமும் இதுவே.

இரண்டாம் பாடம் ஓர் எளிய கணக்கு. கள்வன் பூட்டை உடைக்க 5 நிமிடம் எடுக்கிறது. உதவிக்கு வருபவர் வந்துசேர 20 நிமிடம் ஆகிறது என்று கொள்வோம். பூட்டின் விலை எவ்வளவாயினும் அவ்விடத்தில் காவல் இல்லை. கள்வன் வந்ததை அறியும் நேரமும், உதவி வந்துசேரும் நேரமும் சேர்ந்து, அவனைத் தடுத்து நிறுத்தும் நேரத்திலும் குறைவாக இருத்தல் வேண்டும். கமரா களவைப் பார்க்கும்; ஓடிவந்து பிடிக்காது. பார்ப்பதற்கு ஆளும், பார்த்தபின் ஓடிவருவதற்கு ஏற்பாடும் இல்லாத இடத்தில் நூறு கமராக்களைப் பொருத்துவது பணத்தை ஆற்றிற் போடுவதற்கு ஒப்பாகும்.

தமிழகத்து அரியலூர் மாவட்டத்தில் உள்ள ஸ்ரீபுரந்தான் சிவன்கோயிலின் கதையைப் பாருங்கள். வழிபாடு அருகிப் பூட்டிக் கிடந்த அக்கோயிலின் சோழர்கால நடராசர் 2006இல் களவாடப்பட்டார். அவ்விழப்பு 2008 வரை வெளிப்படவில்லை. அதே 2008இல் அவுஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் அச்சிலையை ஏறத்தாழ 50 இலட்சம் டொலர் கொடுத்து வாங்கியது! புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு நிறுவனத்தார் 1994இல் எடுத்துவைத்த புகைப்படங்கள் அச்சிலையை அடையாளம் காட்டின. 2014இல் நடராசர் தாயகம் திரும்பினார். பூட்டு காக்கவில்லை, புகைப்படம் மீட்டுத் தந்தது. நம் ஆலயங்களில் எத்தனை ஆலயங்கள் தங்கள் திருமேனிகளையும் நகைகளையும் படமெடுத்து, அளவும் நிறையும் குறித்து, அப்பதிவின் படியொன்றை வேறிடத்தில் வைத்திருக்கின்றன? அறங்காவலர்கள் நெஞ்சில் கைவைத்துப் பதில் சொல்லட்டும்.

களவுக்கு மட்டுமா காவல்? 2025 செப்டெம்பர் 27இல் கரூரில் நடந்த அரசியற் கூட்ட நெரிசலில் 41 பேர் மாண்டனர். 2004 யூலை 16இல் கும்பகோணத்துப் பள்ளியொன்றில் கூரை பற்றிய தீ 94 பிஞ்சுகளைக் கொன்றது. இவ்விடங்களில் கள்வனும் இல்லை, பகைவனும் இல்லை. எத்தனை பேர் வருவர், எவ்வழியால் வெளியேறுவர் என்ற இரண்டு கேள்விகளுக்கு உரிய பதில் இருக்கவில்லை. நம் நாட்டிலோ 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று மூன்று தேவாலயங்களும் மூன்று பெரு விடுதிகளும் தாக்கப்பட்டு, இருநூற்று அறுபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். தாக்குதல் வரப்போகிறது என்ற செய்தி அதிகாரிகளின் மேசைகளுக்கு முன்னரே வந்திருந்தது. செயற்படத் தவறியமைக்காக முன்னாள் சனாதிபதி 10 கோடி ரூபா நட்டஈடு செலுத்தவேண்டும் என்று 2023 சனவரி 12இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. செய்தி கிடைத்தும் செயல் இல்லையேல் அதற்குக் காவல் என்ற பெயர் பொருந்தாது.

இவ்வறிவோடு ஓர் இளைஞன் சிவராத்திரிக்கு ஒரு திங்கள் முன்னதாகத் திருக்கேதீஸ்வர வீதியில் நடந்தால் எவற்றைப் பார்ப்பான்? பாலாவிக்குச் செல்லும் கூட்டமும் திரும்பும் கூட்டமும் ஒரே வழியில் மோதாதபடி இருவழி வகுக்க முடியுமா என்று பார்ப்பான். நீர்க்கரையில் நீந்தத் தெரிந்த தொண்டர் யார் என்று கேட்பான். மின்சாரம் நின்றால் மின்பிறப்பாக்கி எத்தனை வினாடியில் இயங்கும், அந்த இருளில் ஒலிபெருக்கி பேசுமா என்று சோதிப்பான். நோயாளர் வண்டி உள்ளே வர ஒரு வழியைக் கடைக்காரர் கையிற் சிக்காமல் ஒதுக்குவான். காணாமற்போன பிள்ளையை எங்கே ஒப்படைப்பது என்பதை மூன்று மொழிகளிலும் எழுதிவைப்பான். இவற்றுள் எதற்கும் துப்பாக்கி வேண்டியதில்லை. அடியார் ஒருவரையும் தடுத்து நிறுத்தவும் வேண்டியதில்லை. ஆலயக் கதவு திறந்திருக்கவேண்டும்; திறந்திருந்தும் ஆபத்து அணுகாதிருக்கவேண்டும். இதனைச் செய்பவனே வல்லவன்.

இத்தொழிலுக்கு வர விரும்பும் இளைஞர்க்குச் சில சொற்கள்.

காவலராகத் தொடங்க வெட்கப்படாதீர்கள். ஆயின் கண்ணை மூடிக்கொண்டு நிற்காதீர்கள். நாள்தோறும் கண்டதைக் குறிப்பேட்டில் எழுதுங்கள்: எந்த விளக்கு எரியவில்லை, எந்தக் கதவு பூட்டப்படவில்லை, எவர் எப்போது வந்தார் என்று. ஐந்தாண்டுக் குறிப்பேடு ஒரு பட்டத்துக்கு ஈடாகும். உங்களை வேலைக்கு வைக்கும் நிறுவனம் 1998ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டப்படி பதிவு பெற்றதா என்று கேளுங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் நூற்றுக்கு 8 பிடித்தால், முதலாளி 12 சேர்த்துக் கட்டவேண்டும். அதனைக் கணக்குப் பார்த்து வாங்குங்கள். தன் உரிமையைக் காக்கத் தெரியாதவன் பிறர் உடைமையை எவ்வாறு காப்பான்?

அடுத்து, கற்றல். கட்டட வரைபடம் வாசிக்கவும், மின்னிணைப்பின் அடிப்படையும், தீயணைப்பும், முதலுதவியும், சான்றுச் சட்டமும் பழகுங்கள். தமிழோடு சிங்களமும் ஆங்கிலமும் பிழையின்றி எழுதப் பழகுங்கள். ஆலோசகன் விற்பது அறிக்கையை அன்றோ! அமெரிக்காவில் 1955இல் தொடங்கி இன்று 'ஏசிஸ் இன்டர்நாஷனல்' என வழங்கும் தொழிற்கழகம் 1977 முதல் இத்துறையினர்க்குத் தேர்வு நடத்திச் சான்று வழங்கி வருகிறது. கட்டடப் பாதுகாப்புக்கெனத் தனித்தேர்வும் உண்டு. சில ஆண்டு அனுபவம் பெற்ற பின்னரே அத்தேர்வுக்கு அமரலாம். ஆதலால் அனுபவமும் படிப்பும் கைகோத்தே வரவேண்டும். பொறியியலும் மின்னியலும் பயின்று உத்தியோகத்துக்குக் காத்திருக்கும் பிள்ளைகளுக்கு இது ஒரு புதிய வாசல்.

மூன்றாவதாக, நாணயம். கமரா விற்பவனிடம் தரகுப் பணம் வாங்குபவன் ஆலோசகன் அல்லன்; அவன் விற்பனையாளன். வேண்டாத பொருளை வேண்டாம் என்று சொல்லும் நாவே இத்தொழிலின் முதல். அச்சமூட்டிப் பணம் பறிக்காதீர்கள். நீங்கள் எழுதும் அறிக்கை ஒரு வீட்டின் பலவீனங்களை எல்லாம் காட்டும் வரைபடம். அது கள்வன் கையிற் சிக்கினால் அவனுக்கு வேறு துணை வேண்டியதில்லை. கண்டதை உரியவரிடம் அன்றி எவரிடமும் சொல்லாதிருத்தல் உங்கள் தொழில் தருமம்.

"வறிய சமூகத்துக்கு ஆலோசகர் எதற்கு?" என்று அறங்காவலரும் கூட்டுறவுச் சங்கத்தாரும் பாடசாலை அதிபரும் கேட்கக்கூடும். பணம் மிகுந்தவன் இரண்டு முறை வாங்கலாம். வறியவன் ஒரு முறையேனும் சரியாக வாங்கவேண்டும். இலட்சம் இலட்சமாகச் செலவிட்டுக் கருவி வாங்குமுன், அறிந்த ஒருவனை அழைத்து ஒரு நாள் சுற்றிக் காட்டி, அவனுக்கு உரிய கூலியைக் கொடுங்கள். பெரும்பாலும் அவன் சொல்லப்போவது ஒரு விளக்கு, ஒரு வேலி, ஒரு பதிவேடு, இரவில் சுற்றிவரும் இரண்டு தொண்டர் என்ற அளவிலேயே இருக்கும்.

இத்தொழிலுக்கு ஓர் எல்லையும் உண்டு. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது, தீ வைத்தோரில் பொலிசாரும் இருந்தனர் என்பதை உலகம் அறியும். காவலனே கள்வனாகுமிடத்தில் எந்தப் பூட்டும் நில்லாது. ஆயினும் ஏறத்தாழ 97,000 நூல்கள் இருந்த அவ்விடத்தின் கிடைத்தற்கரிய ஏடுகளுக்கு வேறோர் ஊரில் படிகள் இருந்திருந்தால், கட்டடம் எரிந்தும் அவற்றின் அறிவு எரிந்திராது. படியெடுத்து வேறிடத்தில் வைத்தலும் காவலே. ஆட்சியாளரின் தயவை வேண்டாத காவல்.

நாவலர் நினைவூட்டிய ஆலயத்தைக் கட்டியெழுப்பினோம். இந்திய அரசின் உதவியோடு நடந்த கருங்கற் திருப்பணியின்பின் 2022இல் குடமுழுக்கும் கண்டோம். கட்டத் தெரிந்த நமக்குக் காக்கவும் தெரியவேண்டும். வாயிலில் நிற்கும் நம் பிள்ளை, நாளை அந்த வாயில் எங்கே அமையவேண்டும் என்று சொல்பவனாக உயரட்டும். அவ்வுயர்வுக்கு வழிசெய்வது, அவனை வாயிலில் நிறுத்தியிருக்கும் நம் எல்லோருடைய கடமையாகும்.