வேர் அசைந்த கொன்றை



மார்ச் மாத நடுப்பகுதியில் எனது மாணவன் ஒருவனின் தாயார் ஆளனுப்பி அழைத்திருந்தார். மூத்த மகன் கட்டாருக்குப் புறப்படுமுன் முற்றத்தில் நட்டுவிட்டுப் போன கொன்றைக் கன்று, பத்தாம் நாளே இலை சுருண்டு தொங்கியது. "கண்டு பட்டுப் போச்சு மௌலவி. அவன் கோல் எடுக்கிற நேரமெல்லாம் மரம் எப்படி என்றுதான் கேட்கிறான். பிடுங்கிப் போட்டு வேறொன்று வைக்கவா?" என்றார்.

தண்டின் தோலை நகத்தால் சிறிது சுரண்டிப் பார்த்தேன். உள்ளே பச்சை இருந்தது. பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது. காய்ந்து பழுப்பாக இருந்தால், இன்னும் கீழே சுரண்டிப் பார்க்க வேண்டும்.

நடும்போது பொலித்தீன் பையைக் கிழித்ததும் மண்கட்டி உடைந்து உதிர்ந்ததாம். கொன்றை ஆழமாக ஆணிவேர் விடும் மரம். இடம் மாற்றுவதை விரும்பாது. நீரை உறிஞ்சுவது மயிர் போன்ற நுனி வேர்கள்தான். அவை அறுந்துவிட்டன. இலைகளோ வெயிலுக்கு நீரை இழந்துகொண்டே இருக்கின்றன. வருமானம் நின்ற வீட்டில் செலவு மட்டும் குறையாத கதை. ஆகவே கன்று இலையை உதிர்க்கிறது. அது சிக்கனம், சாவு அல்ல.

அந்தத் தாய் பாசத்தில் செய்தவைதான் கன்றைக் கூடுதலாக வருத்தின. மூன்று வேளையும் வாளி வாளியாகத் தண்ணீர். போதாததற்கு வுழூச் செய்யும் குழாயின் நீரும் அங்கேயே ஓடியது. மண்ணில் காற்றில்லாமல் நீர் தேங்கினால் வேர் அழுகும். அப்போதும் இலை வாடும். நாமோ தாகமென்று எண்ணி இன்னும் ஊற்றுவோம். இரண்டு அங்குல ஆழத்திற்கு விரலை விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் அன்று தண்ணீர் வேண்டாம். காய்ந்திருந்தால் மெதுவாக, ஆழமாக இறங்கும்படி ஊற்றுங்கள்.

ஒரு பிடி யூரியாவும் போட்டிருந்தார். காயப்பட்ட வேருக்கு அது எரிச்சல். புதுத் துளிர் நன்றாக வளரும்வரை எந்த உரமும் வேண்டாம். எல்லாவற்றிலும் மோசம், வேர் பிடித்ததா என்று ஒருமுறை கன்றைத் தூக்கிப் பார்த்தது. அவரைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. ஓதுகிற காலத்தில் விடுதி முற்றத்தில் நட்ட ஒரு மகிழங்கன்றை அப்படிப் பார்த்துப் பார்த்தே கொன்றவன் நான்.

குழாய் நீரை வேறு பக்கம் திருப்பினோம். அடியைச் சுற்றிக் காய்ந்த சருகும் தென்னந்தும்பும் மூன்று அங்குலத்திற்குப் பரப்பி, தண்டைத் தொடாமல் ஒரு கையளவு இடம் விட்டோம். மேற்குப் பக்கம் ஒரு கிடுகு நிறுத்தினோம். காற்றில் அடி அசைந்தால் புதிதாக வரும் வேர் அறும் என்பதால், இரண்டு கம்பு நட்டு, பழைய சேலைத் துணியால் தளர்வாகக் கட்டினோம். கிளைகளை வெட்டவில்லை. எது காய்ந்தது, எது பிழைத்தது என்று கன்றே காட்டட்டும் என விட்டோம்.

ஐந்து வாரம் ஒன்றும் நடக்கவில்லை. ஆறாவது வாரம் தண்டின் நடுவில் இரண்டு துளிர்கள். நுனி முற்றாகக் காய்ந்துவிட்டது. பச்சை தொடங்கும் இடம்வரை அதை வெட்டிவிட்டோம். மகனுக்குப் படமும் போயிருக்கிறது.

இனி எங்கள் கிழக்குக் கரையில் கச்சான் காற்று வரும். அது ஓயும்வரை கிடுகை எடுக்க வேண்டாமென்று சொல்லி வந்திருக்கிறேன். பூவுக்கு இன்னும் சில வருடம் பொறுக்க வேண்டும்.