திரையில் வந்தவருக்கு யார் ‘வாங்க’ சொல்வது?

கர்நாடகத்தின் ஹுப்பள்ளியில் 2025 டிசம்பர் 3ஆம் தேதி ஒரு திருமண வரவேற்பு. மண்டபம் தயார், சமையல் தயார், உறவினர்களும் வந்தாகிவிட்டது. மணமக்களைத்தான் காணோம். பெங்களூரில் சாஃப்ட்வேர் எஞ்சினியர்களான இருவரும், இண்டிகோ விமானங்கள் வரிசையாக ரத்தானதில் புவனேஸ்வரத்தில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். பெற்றோர் விழாவை நிறுத்தவில்லை. மணமக்களின் நாற்காலிகளில் மணமகளின் பெற்றோர் உட்கார்ந்தார்கள். அலங்காரத்தோடு மணமக்கள் திரையில் தோன்றினார்கள். விருந்தினர்கள் வாழ்த்தினார்கள்.

நாடு சிரித்துவிட்டு மறந்த செய்தி. ஆனால் வெளியூர் விருந்தினரைக் கல்யாணத்துக்குள் கொண்டுவரச் செயலி தயாரிக்கும் பெங்களூர் எஞ்சினியர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அன்று திரையில் இருந்தவர்களைச் சபையே பார்த்தது. வழக்கமான நேரடி ஒளிபரப்பில் நடப்பது வேறு. அமெரிக்காவில் கண் விழித்து உட்கார்ந்திருக்கும் சித்தப்பாவுக்குக் கிடைப்பது புரோகிதரின் முதுகும் வீடியோக்காரரின் தோளும். அவர் பார்க்கிறார், அவரை யாரும் பார்ப்பதில்லை. அது டி.வி. பார்ப்பது, கல்யாணத்துக்குப் போவதல்ல.

2020 ஊரடங்கில் திருமணத்துக்கு 50 பேர்தான் என்று மத்திய அரசு வரம்பு கட்டியபோது, கைக்குக் கிடைத்ததை வைத்துச் சமாளித்தார்கள். வாட்ஸ்அப் வீடியோ அழைப்பில் அந்த ஏப்ரல் வரை நான்கு பேருக்குத்தான் இடம்; பிறகு எட்டு. ஜூமின் இலவசக் கூட்டம் 40 நிமிடத்தில் துண்டாகிவிடும். முகூர்த்தம் அதற்காகக் காத்திருக்குமா? பெங்களூரில் 2019இல் தொடங்கிய ஏர்மீட், திரையிலேயே மேசை போட்டு நாலைந்து பேரைச் சேர்ந்து உட்கார வைத்தது. நல்ல யோசனைதான், ஆனால் அது மாநாடுகளை மனதில் வைத்துச் செய்தது.

கல்யாண வீட்டின் சிக்கல்கள் தனி ரகம். முதல் எதிரி, கெட்டிமேளம். வீடியோ அழைப்புச் செயலிகள் மனிதக் குரலைத் தூக்கிக் காட்டி, மற்றதை இரைச்சல் என்று வடிகட்டுகின்றன. நாதஸ்வரமும் தவிலும் அந்தக் கணக்கில் இரைச்சல்! தாலி ஏறும் நொடியில் மேளம் விட்டு விட்டுக் கேட்கும். இசைக்கென்று தனி வசதி ஜூமில் உண்டு. அதைத் தேடிப் போட்டுவிடுகிற ஆள் மண்டபத்தில் வேண்டும்.

அடுத்தது தாமதம். இருபது பேர் பேசிக்கொள்ளும் அழைப்பு ஒரு நொடிக்குள் போய்ச் சேரும். ஆயிரம் பேர் பார்க்கும் ஒளிபரப்பு பல நொடி பிந்தும். மண்டபத்தில் அட்சதை விழுந்து முடிந்த பிறகுதான் டொரண்டோ பாட்டி கையைத் தூக்குவார். எனவே எல்லோருக்கும் ஒரே வழி சரிப்படாது. பாட்டிக்கும் தாய்மாமனுக்கும் அழைப்பு, மற்றவர்களுக்கு ஒளிபரப்பு என்று பிரிக்கத்தான் வேண்டும். பிரித்தால் யார் எந்தப் பட்டியலில் என்ற பழைய சண்டை புதிதாகக் கிளம்பும். அதற்குச் செயலி என்ன செய்யும்?

நேரக் கணக்கு ஓரளவு கருணை காட்டுகிறது. தை மாதக் காலை 7 மணி முகூர்த்தம், நியூஜெர்சியில் முந்தைய இரவு 8.30, சிங்கப்பூரில் காலை 9.30. பாவம், லண்டன்காரருக்கு மட்டும் நள்ளிரவு தாண்டி 1.30.

மொய்க்கு வழி பிறந்துவிட்டது. 2021 ஜனவரியில் மதுரையில் ஒரு குடும்பம் பத்திரிகையிலேயே கியூ.ஆர். குறியீட்டை அச்சடித்தது. சட்டமும் இறங்கி வந்திருக்கிறது: அமெரிக்காவில் இருந்த மணமகனை வீடியோ வழியே மணக்க, கன்னியாகுமரி மாவட்டப் பெண்ணுக்கு 2022 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அனுமதி தந்தது.

மிச்சம் இருப்பது வாசல் வரவேற்பு. சந்தனம் நீட்டி, ‘வாங்க அத்தை, எப்ப வந்தீங்க?’ என்று கேட்க ஒருவர் நிற்பாரே, அவர் திரைக்கும் வேண்டும். வீட்டுப் பிள்ளைகளில் ஒருவரைப் பெயர் சொல்லி நியமித்து, உள்ளே வருகிறவரின் பெயரும் உறவும் அவர் போனில் தெரியும்படி செய்யலாம். போனை மேடைக்கு எடுத்துப்போய், மணமக்கள் முகத்துக்கு நேரே அரை நிமிடம் பிடிப்பது அவர் வேலை. அந்த அரை நிமிடத்துக்காகத்தான் அத்தை பட்டுப்புடவை கட்டி உட்கார்ந்திருக்கிறார்.

பந்தி விஷயம் இன்னும் பாக்கி. 2020 டிசம்பரில் சென்னையில் ஒரு குடும்பம், வர முடியாதவர்களின் வீட்டுக்கே வாழையிலையோடு கல்யாணச் சாப்பாட்டை அனுப்பி வைத்தது. ஆனால் அது உள்ளூர்க்காரர்களுக்கு மட்டும்.