சம்மனுக்கு மசியாத சீமான்கள்

உள்ளூர்க்காரர் கோர்ட் நோட்டீஸை வாங்க மறுத்தால் அமீனா அதைக் கதவில் ஒட்டிவிட்டுப் போவார். அதன் பிறகும் வராவிட்டால் எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு, அடுத்து ஜப்தி. கடல் கடந்த கம்பெனி வராவிட்டால்? போபாலில் தெரிந்துகொண்டோம்.

1984 டிசம்பர் 2 நள்ளிரவில் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து கசிந்த விஷவாயு ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. டிசம்பர் 7-ல் அங்கு வந்த, அமெரிக்கத் தாய்க் கம்பெனியின் தலைவர் வாரன் ஆண்டர்சன் கைதானார். அன்றே ஜாமீன், அரசு விமானத்திலேயே டெல்லிப் பயணம். அதன்பின் அவர் திரும்பவே இல்லை. 1987-ல் சி.பி.ஐ. குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. சம்மன்கள் போயின, ஆண்டர்சனும் வரவில்லை, அமெரிக்கத் தாய்க் கம்பெனியும் வரவில்லை. 1992-ல் போபால் நீதிமன்றம் அவரைத் தலைமறைவுக் குற்றவாளி என அறிவித்தது. 2003-ல் நாடு கடத்தக் கேட்டோம். மறு வருடமே அமெரிக்கா கைவிரித்தது. 2010-ல் தண்டனை பெற்றவர்கள் இந்தியக் கிளையின் அதிகாரிகள்தான். அதுவும் இரண்டே வருடம், உடனே ஜாமீன். கூண்டேறாமலே 2014-ல் ஆண்டர்சன் காலமானார்.

இத்தனை வருடங்களில் ஒரே ஒரு பிடிதான் நம்மிடம் இருந்தது. இந்தியக் கிளையில் தாய்க் கம்பெனி வைத்திருந்த 50.9 சதவிகிதப் பங்குகளை 1992-ல் போபால் நீதிமன்றம் முடக்கியது. 1994-ல் அவற்றை விற்க உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. அந்தப் பணத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஆஸ்பத்திரி வந்தது, தேவையான ஆஸ்பத்திரிதான். ஆனால், கார்பைடைக் கோர்ட்டுக்கு இழுக்க இருந்த கயிறும் அத்தோடு போய்விட்டது. 2001-ல் கார்பைடை வாங்கிய டௌ கெமிக்கல், பல சம்மன்களுக்குப் பிறகு 2023-ல்தான் வக்கீலை அனுப்பியது. அவர் முன்வைத்த வாதம்: 'எங்களை விசாரிக்க இந்தக் கோர்ட்டுக்கு அதிகாரமில்லை.'

சிவில் வழக்கிலும் நிலைமை சுலபமில்லை. இங்கே வாங்கிய தீர்ப்பை அமெரிக்காவில் செல்லுபடியாக்க, அங்குள்ள நீதிமன்றப் படியேறித் தனியாகப் போராட வேண்டும். அங்கே சொத்து வைத்திருக்கிறவருக்கு நம் தீர்ப்பு வெறும் காகிதம். இங்கே சொத்து வைத்திருக்கிறவருக்குத்தான் அது கட்டளை.

தீர்ப்புக்கு முன்பே சொத்தை முடக்க சிவில் நடைமுறைச் சட்டத்தில் இடமிருக்கிறது. ஆனால், முடக்குவதற்கு இங்கே ஏதாவது இருக்க வேண்டுமே! ஆபத்தான ஆலைக்கு லைசென்ஸ் கொடுக்கும்போதே, வெளிநாட்டுத் தாய்க் கம்பெனியிடம் பெரும் தொகைக்கு வங்கி உத்தரவாதம் வாங்க வேண்டும்; இந்திய நீதிமன்றங்களுக்குக் கட்டுப்படுவோம் என்ற எழுத்துபூர்வ உறுதியும் வேண்டும். முதலீட்டு ஒப்பந்தம் கையெழுத்தாகும் நாளில் கேட்டால் இரண்டும் கிடைக்கும். விபத்துக்கு மறுநாள் கேட்டால் எதுவும் கிடைக்காது.