பாதாளத்தில் ஒரு காவல்

சென்ற வாரம் ஆம்பூரில் என் வகுப்பு மாணவன் ஒருவன், "இராத்திரியில் சூரியனை ஆராய முடியுமா, ஸார்?" என்று கேட்டான். மற்றப் பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். ஆனால் முடியும் என்பதுதான் சரியான விடை.

சூரியனின் மத்தியில் ஹைட்ரஜன் அணுக்கள் இணைந்து ஹீலியமாகும்போது, நியூட்ரினோ என்னும் நுண்துகளும் பிறக்கிறது. அங்கே உண்டாகும் ஒளி சூரியனின் மேற்பரப்புக்கு வந்து சேரவே ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பிடிக்கும். நியூட்ரினோவோ தடையின்றிப் புறப்பட்டு எட்டு நிமிஷத்தில் பூமியை அடைகிறது. நமது கட்டைவிரல் நகத்தின் வழியே ஒவ்வொரு விநாடியும் சுமார் 6,000 கோடி நியூட்ரினோக்கள் செல்கின்றன. பகலில் தலைவழியே நுழைபவை இரவில் பூமியைத் துளைத்துக்கொண்டு காலடியிலிருந்து எழுகின்றன. இத்தனை இருந்தும் ஒன்றைப் பிடிப்பது பிரம்மப் பிரயத்தனம். எதிலும் மோதாமல் போவதே அதன் சுபாவம்.

பிடிப்பதற்கு முதலில் சந்தடி அடங்கவேண்டும். ஆகாயத்திலிருந்து பொழியும் காஸ்மிக் கதிர்கள் காற்றில் மோதி, மியூவான் என்னும் துகள்களை உண்டாக்குகின்றன. அவை கருவிகளை ஓயாமல் தட்டிக்கொண்டேயிருக்கும். சந்தைக்கடையில் நின்று கொசுவின் ரீங்காரத்தைக் கேட்க முடியுமா? ஆகவே ஆராய்ச்சியாளர் பாறைக்கு அடியில் போய் ஒளிந்துகொள்கிறார்கள்.

அப்படிப்பட்ட பாறை நமக்கு அண்டையிலேயே இருந்தது. ஜோலார்பேட்டையைக் கடந்து, பங்காருப்பேட்டையில் வண்டி மாறினால் கோலார் தங்கவயல். தோல் தொழிலுக்கு ஆள் எடுத்தது போக, வட ஆற்காட்டிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் அங்கே பிழைக்கப் போயின. மேலே சொன்ன மாணவனின் கொள்ளுப்பாட்டனாரும் அவர்களில் ஒருவராம். அந்தச் சுரங்கத்தில், உலகத்தின் மிக ஆழமான குழிகளில் ஒன்றான சாம்பியன் ரீப் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. வெந்து கிடக்கும் பாறை. திடீர் திடீரென்று அது வெடித்துச் சிதறும் அபாயம். நுரையீரலை அரிக்கும் தூசி. தங்கத்துக்காக அந்த வழியை வெட்டியவர்கள், விஞ்ஞானத்துக்கும் வழி வெட்டியதை அறிந்திருப்பார்களா என்பது சந்தேகமே.

1950களின் தொடக்கத்தில், ஹோமி பாபாவின் யோசனைப்படி பி. வி. ஸ்ரீகண்டன் என்ற இளைஞர் கருவிகளுடன் அங்கே இறங்கினார். ஆழம் கூடக்கூட மியூவான் எவ்வளவு குறைகிறது என்று அளப்பதே வேலை. பம்பாய் டாடா ஆராய்ச்சி நிலையத்தார் பின்னர் இன்னும் ஆழத்துக்குப் போனார்கள். மிகவும் அடியில் கருவி இரண்டு மாத காலம் ஒரு துகளைக்கூடக் காட்டவில்லை! வேறொருவர் மனம் சோர்ந்து மூட்டை கட்டியிருப்பார். அவர்களோ, இவ்வளவு நிசப்தமான இடமே நியூட்ரினோவுக்குப் பொருத்தம் என்று கண்டுகொண்டார்கள்.

ஜப்பானின் ஒஸாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் சர்வகலாசாலைகளும் சேர்ந்துகொள்ள, 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவிகளைச் சுவர்போல நிறுத்தினார்கள். துகள் பட்டால் மினுங்கும் பிளாஸ்டிக் பலகைகள். அதன் தடத்தைக் காட்டும் நியான் குழாய்கள். மேலிருந்து வரும் மியூவான் கீழ்நோக்கியே பாயும். பக்கவாட்டில் ஒன்று வந்தால், பாறையை ஊடுருவி வந்த நியூட்ரினோ அருகில் எங்கேயோ மோதிப் பிறப்பித்தது அது என்று அறியலாம். 1965ல் அப்படியே வந்தது. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றிலும் அதே ஆண்டில் கண்டார்கள். ஆனால் அச்சில் முந்தியது கோலார்தான்.

ஒன்றைச் சொல்லிவிடவேண்டும். கோலாரில் அகப்பட்டவை காற்றுமண்டலத்தில் பிறந்தவை, சூரியனுடையவை அல்ல. சூரிய நியூட்ரினோ அதைவிடச் சாது, அந்தக் கருவிகளுக்கு எட்டாது. அதைப் பிடித்தவர் அமெரிக்கரான ரேமண்ட் டேவிஸ். அதுவும் ஒரு தங்கச் சுரங்கம்தான். ஹோம்ஸ்டேக் என்று பெயர். துணிக்கறை போக்கும் திரவம் 600 டன்னுக்கு மேல் தொட்டியில் நிரப்பி, அதில் உண்டாகும் ஒருசில ஆர்கான் அணுக்களைப் பொறுக்கி எண்ணினார். எதிர்பார்த்ததில் மூன்றில் ஒரு பங்கே தேறியது. மீதி எங்கே? முப்பது வருஷம் இந்த வழக்கு நடந்தது. வழியில் நியூட்ரினோ வேறு வகையாக உருமாறுகிறது என்று கடைசியில் தெரிந்தது. 2002ல் டேவிஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இனி என் மனத்தை உறுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். கோலார்ச் சுரங்கம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. ஆராய்ச்சி அதற்குச் சில ஆண்டுகள் முன்பே நின்றுவிட்டது. நஷ்டத்தில் நடந்த சுரங்கம், உண்மைதான். ஹோம்ஸ்டேக்கும் ஏறக்குறைய அதே சமயத்தில் மூடப்பட்டு, அதிலும் தண்ணீர் ஏறியது. ஆனால் அவர்கள் நீரை இறைத்து, அந்த இடத்தையே பெரிய பாதாள ஆராய்ச்சிக்கூடமாக மாற்றினார்கள். கோலாரில் ஆழமான தளங்களெல்லாம் தண்ணீருக்குள் போயின.

இவ்வளவும் சொல்லி முடித்தபோது, "என் கொள்ளுப்பாட்டனார் அந்த நியான் குழாய்களைப் பார்த்திருப்பாரா, ஸார்?" என்று பையன் கேட்டான். அவர் எந்த வருஷம் வரை வேலை பார்த்தார் என்று வீட்டில் விசாரித்து வரச் சொல்லியிருக்கிறேன்.